கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பி டிடென்ஷன் கட்டாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்டெய்னரில் சரக்கு வரவழைப்பவர்கள், அதிலும் முதல் இரண்டு மூன்று முறை வரவழைப்பவர்கள், எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, தூத்துக்குடித் துறைமுகங்களில் நடப்பதை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சென்னை தம்பு செட்டித் தெருவில், இறக்குமதிச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் உட்கார்ந்து, அடுத்தவர் கட்டிய அபராதத்தைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருப்பவனின் பதில்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

டிடென்ஷன் என்றால் என்ன?

சிறு வயதில் வாடகை சைக்கிள் எடுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடைக்காரர் எடுத்த நேரத்தை நோட்டில் குறித்துக்கொள்வார். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் சைக்கிளை ஓட்டினீர்களா, மரத்தடியில் சாய்த்துவிட்டுக் கோலி விளையாடினீர்களா என்பது அவருக்குத் தேவையில்லை. சைக்கிள் கடைக்குத் திரும்பி வரும் வரை வாடகை ஏறும்.

கன்டெய்னரும் அப்படித்தான். உள்ளே இருக்கும் சரக்கு உங்களுடையது. இரும்புப் பெட்டி ஷிப்பிங் லைனுடையது, அதாவது கப்பல் நிறுவனத்துடையது. கடல் வாடகையோடு சேர்த்துச் சில நாட்கள் பெட்டியை இலவசமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்த நாட்களுக்குள் காலிப் பெட்டியை அவர்கள் சொல்லும் யார்டில் விட்டுவிட வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் உண்டு. அதுதான் டிடென்ஷன்.

சரக்கைப் பற்றிக் கவலைப்படும் பலர் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். சரக்கு சிஎஃப்எஸ்ஸில் (துறைமுகத்துக்கு வெளியே பெட்டிகளை வைத்துச் சுங்க அனுமதி வாங்கும் சரக்கு நிலையம்) பத்திரமாகத்தான் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குவார்கள். அது பெட்டிக்குள் இருக்கும் வரை மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

டெமரேஜ், கிரவுண்ட் ரென்ட், டிடென்ஷன் மூன்றும் ஒன்றா?

இல்லை. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பணம் போகிறது. துறைமுக முனையத்திலோ சிஎஃப்எஸ்ஸிலோ உங்கள் பெட்டி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதற்கு அந்த இடத்துக்காரர் வாங்குவது கிரவுண்ட் ரென்ட். பெட்டியை வைத்திருப்பதற்கு ஷிப்பிங் லைன் வாங்குவது டிடென்ஷன். டெமரேஜ் என்ற சொல்லை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துகிறார்கள். சிலர் துறைமுக வாடகையைச் சொல்வார்கள். சில லைன்கள் பெட்டி துறைமுகத்துக்குள் இருக்கும் நாட்களுக்கு டெமரேஜ் என்றும், வாசலைத் தாண்டிய பிறகான நாட்களுக்கு டிடென்ஷன் என்றும் இரண்டாகப் பிரித்து வாங்கும். பெயரைப் பார்க்காதீர்கள். பில் யாரிடமிருந்து வருகிறது, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரைக்கு என்று பாருங்கள்.

சிஎஃப்எஸ்காரரிடம் பேசி வாடகையைக் குறைத்துக்கொண்டு, பிரச்சினை முடிந்தது என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும். லைனின் கணக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டு மீட்டரும் ஒரே நேரத்தில் ஓடும்.

இலவச நாட்களை எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள்?

நம் பக்கத்தில் பெரும்பாலும் பெட்டி கப்பலிலிருந்து இறங்கிய நாளிலிருந்தோ அதன் மறுநாளிலிருந்தோ எண்ணுகிறார்கள். காலிப் பெட்டி யார்டு வாசலுக்குள் நுழையும் நாளும் கணக்கில் சேரும். பெட்டியை எடுத்துப்போக லைன் தரும் டெலிவரி ஆர்டரை நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணுவார்கள் என்பது வெறும் நம்பிக்கைதான். கஸ்டம்ஸ் அனுமதி கிடைத்த நாளிலிருந்தும் இல்லை. லாரியில் ஏற்றும்போது உங்கள் இலவச நாட்களில் பாதி கரைந்துபோயிருக்கும்.

ஆகவே கப்பலின் வருகைத் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் பெட்டி இறங்கிய தேதியைப் பாருங்கள். லைனின் இணையதளத்தில் பெட்டி எண்ணைப் போட்டால் தெரியும். ஒரே பில் ஆஃப் லேடிங்கில், அதாவது சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு லைன் தரும் ஆவணத்தில், நான்கு பெட்டி இருந்தாலும் நான்கும் ஒரே நாளில் வரும் என்ற உத்தரவாதமில்லை. கொழும்பிலோ சிங்கப்பூரிலோ வேறு கப்பலுக்கு மாறி வரும் சரக்கில் இரண்டு பெட்டி முதல் கப்பலிலும் மீதி அடுத்த வாரக் கப்பலிலும் வருவது சாதாரணம். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி நாள்கணக்கு.

ஞாயிறு, பொங்கல், தீபாவளி எல்லாம் கழிந்துவிடுமா?

கழியாது. பெரும்பாலான கட்டணப் பட்டியல்களில் நாள் என்றால் நாட்காட்டி நாள். பொங்கலுக்கு முந்தைய வாரத்திலோ தீபாவளிக்கு முந்தைய வாரத்திலோ பெட்டி இறங்குகிறது என்றால், ஓட்டுநரும் சுமைக்காரரும் ஊருக்குப் போகும் நாட்களை முதலில் எண்ணுங்கள். ஆயுத பூஜையன்று லாரிக்குப் பொட்டு வைத்து நிறுத்திவிடுவார்கள். அன்று வண்டி கேட்பது வீண்.

எவ்வளவு பணம் வரும்?

படிப்படியாக ஏறும் கட்டணம் இது. டாலரில் நிர்ணயித்து, லைன் அன்றைக்கு வைத்திருக்கும் மாற்று விகிதத்தில் ரூபாயாக்கி, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போடுவார்கள். அந்த மாற்று விகிதம் நாளிதழில் வரும் விகிதத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனைப் பட்டியல் போடுகிறேன். 40 அடிப் பெட்டி; முதல் 5 நாள் இலவசம்; 6 முதல் 10ஆம் நாள் வரை நாளுக்கு 50 டாலர்; 11 முதல் 15 வரை 90 டாலர்; அதற்குப் பிறகு 140 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

10ஆம் நாள் திருப்பினால் 250 டாலர், அதாவது 22,500 ரூபாய். ஜிஎஸ்டியோடு 26,550. அதே பெட்டியை 19ஆம் நாள் திருப்பினால் 250, 450, 560 என மூன்று படியும் சேர்ந்து 1,260 டாலர், ரூபாயில் 1,13,400. ஜிஎஸ்டியோடு 1,33,812. நாட்கள் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பணம் ஐந்து மடங்காகிவிட்டது. கடைசி நான்கு நாட்கள் முதல் பத்து நாட்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விழுங்கியிருக்கின்றன. "எப்படியும் தாமதமாகிவிட்டது, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

குளிர்சாதனப் பெட்டிக்கும் மேல் திறந்த பெட்டிக்கும் இலவச நாட்கள் குறைவு, கட்டணம் அதிகம்.

இலவச நாட்களைக் கூட்டிக் கேட்க முடியுமா?

முடியும், ஆனால் கேட்க வேண்டிய நேரம் ஒன்றுதான்: சரக்கு கப்பலில் ஏறுவதற்கு முன்னால். கடல் வாடகை பேசும்போது லைன் உங்கள் வியாபாரத்தை விரும்புகிறது. அப்போது 5 நாளை 14 ஆக்குவது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. பெட்டி சென்னையில் இறங்கிய பிறகு கேட்டால், நீங்கள் ஏற்கெனவே மாட்டிக்கொண்ட ஆள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கப்பல் வாடகையும் சரக்கு விலையிலேயே அடங்கும் சிஐஎஃப் அல்லது சிஎஃப்ஆர் அடிப்படையில் வாங்கினால் கப்பல் வாடகையைப் பேசுபவர் அங்கே இருக்கும் விற்பனையாளர். அவருக்கு மலிவான வாடகை கிடைத்தால் போதும். சென்னையில் எத்தனை நாள் இலவசம் என்பது அவர் கவலையில்லை. ஆகவே கொள்முதல் ஒப்பந்தத்திலேயே "சேருமிடத்தில் குறைந்தது 14 நாள் டிடென்ஷன் இலவசம்" என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல், பில் ஆஃப் லேடிங்கின் முகப்பிலேயே அது அச்சாகியிருக்கிறதா என்று நகல் வரும்போது பார்த்துவிடுங்கள். மின்னஞ்சலில் யாரோ ஒருவர் "சரி, தருகிறோம்" என்று சொன்னதைக் காட்டினால் இங்கே இருக்கும் கவுன்ட்டரில், "எங்கள் சிஸ்டத்தில் 5 நாள்தான் காட்டுகிறது" என்பார்கள்.

கப்பல் வாடகையைத் தாங்களே கட்டும் எஃப்ஓபி முறையில் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. லைனைத் தேர்ந்தெடுப்பதும் பேரம் பேசுவதும் அவர்கள் கையில். டன்னுக்குச் சில நூறு ரூபாய் வாடகை மிச்சம் என்பதற்காகக் குறைந்த இலவச நாள் தரும் லைனைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை, அதிலும் முந்திரிக்கொட்டை, பருப்பு, மரக்கட்டை போன்று ஆய்வுக்கு நாள் பிடிக்கும் சரக்கென்றால்.

கப்பல் வருவதற்கு முன் என்னென்ன முடித்துவிடலாம்?

ஏறக்குறைய எல்லாவற்றையும். டிடென்ஷன் கட்டுபவர்களில் பெரும்பாலோர் பெட்டி வந்த பிறகு செய்த தவறுக்காகக் கட்டுவதில்லை. கப்பல் கடலில் இருந்த மூன்று வாரங்களில் செய்யாமல் விட்டதற்காகக் கட்டுகிறார்கள்.

முதலில் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது கஸ்டம்ஸிடம் கொடுக்கும் இறக்குமதி அறிக்கை. சுங்கச் சட்டம், 1962இன் 46ஆவது பிரிவின்படி கப்பல் வருவதற்கு 30 நாள் முன்பிருந்தே அதைத் தாக்கல் செய்யலாம். 2021இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பொதுவாகக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்தே ஆக வேண்டும். இலங்கை, வங்கதேசம், மியான்மர் போன்ற பக்கத்து நாடுகளிலிருந்து வரும் சரக்குக்குச் சற்றுச் சலுகை உண்டு. தவறினால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். இது டிடென்ஷன் அல்ல, அதற்கு மேல் வரும் தனிச் செலவு. ஆக, முன்கூட்டித் தாக்கல் செய்வது கெட்டிக்காரத்தனம் என்ற காலம் போய்விட்டது. செய்யாவிட்டால் தண்டம்.

முன்கூட்டித் தாக்கல் செய்ய ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் நகல், மூலச் சான்றிதழ் ஆகியவற்றைச் சரக்கு ஏறிய வாரமே மின்னஞ்சலில் வாங்கி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இன்வாய்ஸில் 480 அட்டைப்பெட்டி, பேக்கிங் லிஸ்டில் 408 அட்டைப்பெட்டி என்று இருந்த ஒரு தட்டச்சுப் பிழைக்காக ஒருவர் ஆறு நாள் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சரக்கு அனுப்பியவரின் நாட்டில் அது நீண்ட விடுமுறை. திருத்திய தாளை அனுப்ப அங்கே ஆள் இல்லை.

அடுத்து, உங்கள் சரக்குக்கு வேறு எந்தத் துறையின் அனுமதி தேவை என்பது. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, மாதிரி எடுத்துச் சோதிக்கும். விதை, கொட்டை, மரம், பருப்பு என்றால் தாவரத் தனிமைப்படுத்தல் அலுவலகம். ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் பூச்சி கொல்லும் புகையூட்டல் விவரமும் சரியாக இல்லாவிட்டால் இங்கே மறுபடியும் புகையூட்டச் சொல்வார்கள், அதற்கும் நாள் போகும். மின்சாதனம், பொம்மை, எஃகு என்றால் தரச் சான்று தரும் பிஐஎஸ். ஆய்வகம் எத்தனை நாள் எடுக்கும் என்பதைக் கேட்டுக்கொண்டு அதற்கேற்ப இலவச நாளைப் பேசுங்கள். இயந்திரம் வந்திறங்கும் மரச் சட்டத்தில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதற்கான அடையாளம்) இருக்க வேண்டும் என்பதையும் பலர் மறக்கிறார்கள். உள்ளே இருப்பது இரும்பு. பெட்டியை நிறுத்தியது அதைத் தாங்கிய பலகை!

சுங்க வரிப் பணத்தைத் தயாராக வையுங்கள். வரியை நீங்களே கணக்கிடும் சுயமதிப்பீட்டில் முடிந்துவிட்ட பில் ஆஃப் என்ட்ரிக்கு அன்றைக்கே கட்ட வேண்டும். தாமதமானால் 15 சதவீத வட்டி. பணம் கட்டாமல் பெட்டி வெளியே வராது.

பில் ஆஃப் லேடிங் இன்னும் வங்கிக்கு வரவில்லை. கப்பல் வந்துவிட்டது. என்ன செய்வது?

சீனாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் சரக்கில் இது அடிக்கடி நடக்கும். கப்பல் கூரியரை முந்திவிடும். மூல பில் ஆஃப் லேடிங் இல்லாமல் லைன் டெலிவரி ஆர்டர் தராது. டெலிவரி ஆர்டர் இல்லாமல் பெட்டி நகராது.

விற்பனையாளர் மீது நம்பிக்கையுள்ள பழைய உறவென்றால், ஏற்றுமதித் துறைமுகத்திலேயே மூல ஆவணத்தை ஒப்படைத்துவிட்டு டெலக்ஸ் ரிலீஸ் (மூல ஆவணம் இல்லாமலே இங்கே சரக்கை விடலாம் என்ற தகவல்) கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது ஆரம்பத்திலேயே, மூலத்தைக் காட்டத் தேவையில்லாத சீ வேபில் போடச் சொல்லுங்கள். வங்கி வழியாகத்தான் வர வேண்டும் என்றால், உங்கள் வங்கியின் உத்தரவாதக் கடிதத்தின் பேரில் டெலிவரி ஆர்டர் தர லைன் ஒப்புக்கொள்ளும். அதற்கு வங்கி கமிஷன் வாங்கும். நாளுக்கு நாள் ஏறும் டிடென்ஷனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கஸ்டம்ஸ் பிடித்து வைத்துவிட்டது. அது என் தவறில்லையே, அப்போதும் கட்ட வேண்டுமா?

சட்டப்படி உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. ஆனால் அதை நீங்களே பிடித்துத் தொங்க வேண்டும்.

2001இல் ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா எதிர் சி. எல். ஜெயின் உல்லன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கஸ்டம்ஸ் பிடித்து வைத்தது சட்டவிரோதம் என்றே ஆனாலும் சரக்கை வைத்திருந்தவருக்குச் சேர வேண்டிய டெமரேஜை இறக்குமதியாளர் கொடுக்கத்தான் வேண்டும் என்று சொன்னது. இந்த நிலையை மாற்றப் பின்னால் விதிகள் வந்தன. சுங்கப் பகுதிகளில் சரக்குகளைக் கையாளுவதற்கான 2009ஆம் ஆண்டு விதிகள், சுங்கம் பிடித்து வைத்த சரக்குக்குச் சிஎஃப்எஸ் போன்றவர்கள் வாடகை வாங்கக் கூடாது என்கின்றன. கடல்வழிச் சரக்குப் பட்டியல் தொடர்பான 2018ஆம் ஆண்டு விதிகளில் 10ஆவது விதி ஷிப்பிங் லைனைப் பற்றியது: பில் ஆஃப் என்ட்ரியில் உள்ள விவரங்களைச் சரிபார்க்கக் கஸ்டம்ஸ் பெட்டியைப் பிடித்து வைத்து, கடைசியில் விவரங்கள் சரியென்று தெரிந்தால், அந்தக் காலத்துக்கு டிடென்ஷன் கேட்கக் கூடாது. 60 நாளைத் தாண்டினால் அதற்குப் பிறகான நாட்களுக்குக் கேட்கலாம்.

"விவரங்கள் சரியென்று தெரிந்தால்" என்ற சொற்களைக் கவனியுங்கள். சரக்கைத் தவறான வரித் தலைப்பில் வகைப்படுத்தி மாட்டினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. சரியாக இருந்தாலும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பிடித்து வைத்தார்கள் என்பதை அந்த அதிகாரியிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும். டிடென்ஷன் சான்றிதழ் என்று இதைச் சொல்வோம். சரக்கை விடுவிக்கும் அவசரத்தில் இதைக் கேட்காமல் வந்துவிட்டு, ஒரு மாதம் கழித்து ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸ் படியேறினால் கோப்பு வேறு மேசைக்குப் போயிருக்கும். சான்றிதழைக் காட்டியவுடன் எல்லா லைன்களும் பில்லை ரத்து செய்துவிடுவதும் இல்லை. ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடுவார்கள். கையில் காகிதம் இல்லாதவருக்கு அந்த வாதாட்டத்துக்கே வழியில்லை.

சரக்கை இப்போது எடுக்கப் பணமோ இடமோ இல்லை. பெட்டியை மட்டுமாவது திருப்பிவிட முடியுமா?

முடியும். கேட்கப்படாத கேள்விகளில் மிக உபயோகமான கேள்வி இதுதான். சரக்கின் கதை எவ்வளவு நீண்டாலும் பெட்டியின் கதையைத் தனியாக முடித்துவிடலாம்.

வரி கட்டப் பணம் இல்லை என்றால், கிடங்குக்கான பில் ஆஃப் என்ட்ரி போட்டு, வரி கட்டாமலே பாண்டட் கிடங்கில் சரக்கை இறக்கலாம். பிறகு தேவைக்கேற்பப் பகுதி பகுதியாக வரி கட்டி எடுத்துக்கொள்ளலாம். விசாரணையோ ஆய்வக முடிவோ இழுத்துக்கொண்டே போகிறது என்றால், சுங்கச் சட்டத்தின் 49ஆவது பிரிவின்கீழ் விண்ணப்பித்து, அனுமதி வரும்வரை சரக்கைப் பொதுக் கிடங்கில் வைக்க அனுமதி வாங்கலாம். முதலில் 30 நாள். ஆணையர் நீட்டித்துத் தரலாம். சிஎஃப்எஸ்ஸிலேயே பெட்டியைப் பிரித்துச் சரக்கை அவர்களுடைய கொட்டகையில் இறக்கிவைக்கவும் வழி உண்டு. மூன்றிலும் காலிப் பெட்டி யார்டுக்குப் போய்விடும், லைனின் மீட்டர் நின்றுவிடும்.

இறக்கும் கூலி, கிடங்கு வாடகை, மறுபடி ஏற்றும் கூலி ஆகியவை உண்டுதான். ஐந்தாம் நாளில் இது வீண் செலவாகத் தோன்றும். இருபதாம் நாளில், ஐந்தாம் நாளே செய்திருக்கலாமே என்று தோன்றும். 10 நாளுக்கு மேல் இழுக்கும் என்று தெரிந்த நிமிடமே விண்ணப்பம் கொடுங்கள் என்பது என் யோசனை.

டிபிடி என்கிறார்களே, அதனால் நாள் மிச்சமாகுமா?

ஆகும். பெட்டியைச் சிஎஃப்எஸ்ஸுக்குக் கொண்டுபோகாமல் துறைமுக முனையத்திலிருந்தே நேராக உங்கள் தொழிற்சாலைக்கு எடுத்துப் போகும் ஏற்பாடு அது. இரண்டு மூன்று நாளும் சிஎஃப்எஸ் செலவும் மிச்சம். ஆனால் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். முன்கூட்டியே பில் ஆஃப் என்ட்ரி போட்டு, வரி கட்டி, லாரியைத் தயாராக நிறுத்தத் தெரிந்தவர்களுக்கான வசதி. அதெல்லாம் இல்லாதவர் இதில் சேர்ந்தால் பெட்டி கடைசியில் சிஎஃப்எஸ்ஸுக்கே போகும், கூடுதல் செலவோடு.

பெட்டி தொழிற்சாலைக்கு வந்துவிட்டது. இனி என்ன தாமதம் வரப்போகிறது?

ஸ்ரீபெரும்புதூரில், ஒரகடத்தில், ஓசூரில் எத்தனை தொழிற்சாலை வாசலில் ட்ரெய்லரோடு பெட்டிகள் நிற்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கிடங்கில் இடமில்லை, ஃபோர்க்லிஃப்ட் பழுது, ஸ்டோர்ஸ் மேலாளர் விடுப்பு. பெட்டியே கிடங்காகிவிடுகிறது. உலகத்திலேயே விலை உயர்ந்த கிடங்கு.

பெட்டி வரும் நாளையும் நேரத்தையும் முதல் நாளே ஸ்டோர்ஸுக்குச் சொல்லுங்கள். கைச்சுமையாக இறக்கும் சரக்கென்றால் சுமைக்காரர்களை முன்பே பேசிவிடுங்கள். நகருக்குள் கனரக வண்டிகளுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதால், மதியம் இறக்கி முடித்தால் அந்தப் பெட்டி அன்றைக்கே யார்டுக்குப் போய்ச் சேரும் என்று நினைக்காதீர்கள். லாரிக்காரரிடம் பேசும்போது போக்குவரத்து வாடகைக்குள் காலிப் பெட்டியைத் திருப்புவதும் சேர்ந்திருக்கிறதா, எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குங்கள். சிலர் காலிப் பெட்டியைத் தங்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் இறக்கிவிட்டு, கையில் கிடைத்த அடுத்த லோடுக்கு ஓடிவிடுவார்கள். பெட்டி அங்கே கிடப்பது பில் வரும்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

கோவை, திருப்பூர்ப் பக்கம் சரக்கு இறக்குபவர்கள் லைனிடம் இன்னொன்றையும் கேட்கலாம். அங்கேயே ஓர் ஏற்றுமதியாளருக்குக் காலிப் பெட்டி தேவைப்படும். லைன் சம்மதித்தால் உங்கள் பெட்டியை நேராக அவரிடம் ஒப்படைத்துவிடலாம். தூத்துக்குடி வரை காலியாக ஓட வேண்டியதில்லை. சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஏற்றுமதியாளர் தாமதித்தால் பில் உங்கள் பெயருக்கு வரும்.

யார்டுக்குப் போனால் "இடமில்லை, நாளை வா" என்கிறார்கள். அந்த நாளுக்கும் கட்டணமா?

நியாயப்படி கூடாது. ஆனால் நீங்கள் வந்ததற்குச் சாட்சி வேண்டும். மாதவரம், மணலிப் பக்கத்து யார்டுகளில் வரிசை எப்படி நீளும் என்பது ஓட்டுநர்களுக்குத் தெரியும். திருப்பி அனுப்பினால் உடனே மூன்று வேலை: யார்டு வாசலில் பெட்டி எண் தெரியும்படி, தேதி நேரத்தோடு படம் எடுப்பது, ஓட்டுநர் அங்கே நிற்கும்போதே லைனுக்கு மின்னஞ்சல் அனுப்பி வேறு யார்டு கேட்பது, முடிந்தால் யார்டிலிருந்து ஒரு சீட்டு வாங்குவது. தொலைபேசியில் சொன்னதற்கு மறுநாள் மதிப்பில்லை.

புறப்படுவதற்கு முன் டெலிவரி ஆர்டரில் எழுதியிருக்கும் யார்டு இன்னமும் அதுதானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் மாற்றிவிடுவார்கள். 2016 ஆகஸ்ட் கடைசியில் தென்கொரியாவின் ஹன்ஜின் கப்பல் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனபோது, அமெரிக்க மேற்குக் கரையில் அதன் காலிப் பெட்டிகளைத் திருப்பி வாங்கவே ஆளில்லாமல் லாரிக்காரர்கள் திண்டாடினார்கள். அந்த அளவுக்கு நமக்கு வர வேண்டாம்.

உள்ளே விட்டவுடன் பெட்டி ஒப்படைப்புச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஈஐஆர் என்பது அதுதான். மீட்டர் நின்றதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

பெட்டியில் சேதம் என்று சொல்லித் தனியாகப் பணம் கேட்கிறார்கள்.

முனையத்திலோ சிஎஃப்எஸ்ஸிலோ எடுக்கும்போதே ஆறு பக்கமும் உட்புறமும் படம் எடுத்து வைத்தால் பழைய நசுங்கலுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று காட்டலாம். இறக்கிய பிறகு உள்ளே கூட்டிப் பெருக்கி, தரையில் அடித்த ஆணியைப் பிடுங்கி, ஆபத்துச் சரக்கு ஸ்டிக்கர் இருந்தால் உரித்துவிட்டு அனுப்புங்கள். அழுக்குப் பெட்டியை யார்டு திருப்பி அனுப்பினால் ஒரு நாள் போகும்.

புயல், வெள்ளம், ஊரடங்கு என்றால் தள்ளுபடி தானாகக் கிடைக்குமா?

தானாக எதுவும் கிடைக்காது. 2020 மார்ச் 29 அன்று கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், மார்ச் 22 முதல் ஏப்ரல் 14 வரை டிடென்ஷன் வாங்க வேண்டாம் என்று லைன்களைக் கேட்டுக்கொண்டது; பிறகு மே 3 வரை நீட்டித்தது. கொரோனாவில் ஒரு நாடே பூட்டிக் கிடந்தபோதுகூட அப்படியொரு வேண்டுகோள் வரத்தான் வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வடசென்னையை மூழ்கடித்ததுபோல் ஒன்று வந்தால், தண்ணீர் வடியும் முன்பே லைனுக்கு எழுதுங்கள். முனையம் மூடிய அறிவிப்பு, சாலை மூழ்கிய படம், செய்தித்தாள் நறுக்கு எல்லாவற்றையும் இணையுங்கள்.

பில் வந்துவிட்டது. குறைக்கப் பேச முடியுமா?

பேசலாம், பல நேரம் குறைப்பார்கள். ஆனால் முதலில் பில்லைச் சரிபாருங்கள். அமெரிக்காவில் 2021இன் துறைமுக நெரிசலுக்குப் பிறகு 2022 ஜூனில் ஒரு கடல் வணிகச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. பெட்டி எப்போது கிடைத்தது, இலவச நாள் எத்தனை, எந்த நாள் தொடங்கி எந்த நாள் முடிந்தது, எந்த விதிப்படி எந்தக் கட்டணம், ஆட்சேபத்துக்கு யாரை அணுகுவது என்றெல்லாம் பில்லில் இல்லாவிட்டால் கட்ட வேண்டிய கடமையே இல்லை என்று அது சொல்கிறது. அந்தச் சட்டம் அமெரிக்கக் கரைக்கு மட்டும்தான். என்றாலும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உங்கள் பில்லைப் படியுங்கள். இறங்கிய தேதி ஒரு நாள் முன்னதாகவும் திருப்பிய தேதி ஒரு நாள் பின்னதாகவும் இருக்கும் பில்கள் நிறைய வருகின்றன. பேசி வாங்கிய 14 நாளுக்குப் பதில் வழக்கமான 5 நாளைப் போட்டிருப்பார்கள்.

தள்ளுபடி கேட்கும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பெட்டி எண், தேதிகள், காரணம், இணைப்பு, எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற தொகை. உங்கள் நிறுவனத்தின் பெருமையை இரண்டு பத்தி எழுத வேண்டாம். வருடத்துக்கு அந்த லைனில் எத்தனை பெட்டி போடுகிறீர்கள் என்ற எண் போதும். உள்ளூர்க் கவுன்ட்டரில் இருப்பவருக்குத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. அவர் மும்பைக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புவார். அதற்கும் நாளாகும், பெட்டி இன்னும் உங்களிடம் இருந்தால் அந்த நாட்களும் ஏறும். முதலில் பெட்டியைத் திருப்புங்கள், பிறகு சண்டை போடுங்கள்.

விலை விழுந்துவிட்டது, சரக்கே வேண்டாம். அப்படியே விட்டுவிட்டால்?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும். 2011இல் பருத்தி விலை சரிந்தபோது வங்கதேசத்தின் சிட்டகாங்கில் 35 பெட்டிப் பருத்தியை வாங்க வேண்டியவர் எடுக்காமல் விட்டார். எம்எஸ்சி லைன், சரக்கு அனுப்பிய காட்டனெக்ஸ் ஆன்ஸ்டால்ட் நிறுவனத்தின் மீது இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தது. டெமரேஜ் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. பெட்டி ஒன்றின் விலையோ ஏறக்குறைய 3,262 டாலர். 35 பெட்டியும் புதிதாக வாங்கினால்கூட 1,15,000 டாலர் ஆகாது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தத்தின் நோக்கமே அழிந்துபோன 2012 பிப்ரவரி 2ஆம் தேதிக்குப் பிறகு டெமரேஜ் ஏறாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்னால் ஏறியது ஏறியதுதான்.

நம் ஊரிலும் 30 நாளில் எடுக்காத சரக்கைச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து ஏலம் விடலாம், ஆனால் ஏலம் 31ஆம் நாள் நடந்துவிடாது. வேண்டாம் என்று முடிவு செய்தால் உடனே லைனுக்கும் கஸ்டம்ஸுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வேறு ஆளுக்கு விற்க முடிந்தால் நஷ்டத்துக்காவது விற்று, பெயர் மாற்றிக் கொடுங்கள்.

ஏற்றுமதிக்கும் டிடென்ஷன் உண்டா?

உண்டு. காலிப் பெட்டியை யார்டிலிருந்து எடுத்த நாளிலிருந்து, சரக்கேற்றித் துறைமுகத்துக்குள் விடும் நாள் வரை எண்ணுவார்கள். சரக்கு தயாராகும் முன்பே பெட்டியை எடுத்துவைக்கும் பழக்கத்தால்தான் பெரும்பாலும் வருகிறது. லைனே கப்பலைத் தள்ளிப்போட்டு, அதனால் பெட்டி உங்களிடம் நின்றால் அந்த நாட்களைக் கழிக்கச் சொல்லுங்கள்; புக்கிங் மாற்றிய மின்னஞ்சலை இணைத்தால் பெரும்பாலும் கழித்துவிடுவார்கள்.

என் சரக்கு ஒரு பெட்டி அளவுகூட இல்லை, பலர் சரக்கோடு சேர்ந்து வருகிறது. எனக்கும் இந்தக் கவலை உண்டா?

இல்லை. பெட்டியைத் திருப்புவது அதைச் சேர்த்து அனுப்பிய கன்சாலிடேட்டரின் பொறுப்பு. உங்கள் சரக்கு சிஎஃப்எஸ் கொட்டகையில் இறங்கிய பிறகு அங்கே ஏறும் வாடகையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.